நூல் நிலையப் பயிற்சியும் சலனப் படமும்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் செல்லும் மார்க்கத்தில் ஒரு கிராமத்தில், சில காலத்திற்கு முன் வழக்கு விஷயமாக நாம் காத்திருக்க நேர்ந்தது. கட்சிக்காரர் வரத் தாமதமாகவே, எதிரில் தென்பட்ட பஞ்சாயத்து நூல் நிலையத்தில் நுழைந்தோம். பொறுப்பிலிருந்தவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர். "வாங்கய்யா, உக்காருங்க" என்று அன்புடன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தேச சரித்திர நூல் ஒன்றைக் கேட்டோம். இருப்பதாகச் சொல்லித் தேடத் தொடங்கினார். கட்சிக்காரர் வந்து சேர்ந்த பிறகும் அவர் தேடிக்கொண்டிருந்தார். புஸ்தகங்களெல்லாம் உயரத்தை அனுசரித்து அடுக்கப்பட்டிருந்ததைப் பிறகே கண்டோம். "பார்வைக்கு நல்லா இருக்கட்டும்னு நானே அடுக்கினேனுங்க. எப்படி அடுக்கணும்னு யாரும் சொல்லிக் குடுக்கலீங்களே" என்றார்.

அவர் மீது நாம் குற்றம் காணவில்லை. சொல்லிக் கொடாதவர்கள் மீதே நம் வழக்கு.

இந்த வித்தை நமக்குப் புதியதன்று. அரியலூர் ஜில்லாவின் தெற்கெல்லையாக ஓடும் கொள்ளிடம் கடலை அடையும் பிரதேசத்திலுள்ள சீர்காழியில் 1892-ஆம் வருஷம் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், கணித ஆசிரியராயிருந்து 1924-ல் சென்னை சர்வகலாசாலையின் நூலகரானார். அவர் முன்னின்று உழைக்க 1928-ல் ஸ்தாபிதமான சென்னை நூலகச் சங்கம், மறு வருஷமே பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. 1931-ல் அதைச் சர்வகலாசாலையே ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில்தான் அவருடைய ஐந்து விதிகள் நூலாக வெளிவந்தன. அதே ஆண்டில்தான் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர், மாட்டு வண்டியில் புஸ்தகங்களை ஏற்றிச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார். சுதந்திரம் வந்த மறு வருஷமாகிய 1948-ல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாயிருந்தபோது, சென்னை ராஜதானி பொது நூலகச் சட்டத்தை நிறைவேற்றியது. சுதந்திர இந்தியாவில் இத்தகைய சட்டம் இதுவே முதலாவது. இவ்வளவு பெருமையும் நமக்கு உண்டு. ஆனால் அரங்கநாதனின் வித்தை முதலில் எழுதப்பட்டதும் கற்பிக்கப்பட்டதும் ஆங்கிலத்தில். வகுப்பு நடந்தது பட்டணத்தில். தொண்ணூறு வருஷங்களுக்கு மேலாகியும் அது மேற்சொன்ன பெரியவரின் மேஜைக்கு வந்து சேரவில்லை என்றால், வண்டி எங்கோ வழியில் நின்றுவிட்டது என்றுதானே பொருள்?

எங்கே நின்றது என்பதைச் சற்று விசாரிப்போம். பெரம்பலூர் 1995-ல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்து தனி ஜில்லாவாயிற்று. அதிலிருந்து அரியலூர் 2001-ல் பிரிந்து, அடுத்த வருஷமே மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடி தனி ஜில்லாவாயிற்று. ஜில்லாக்கள் இவ்வாறு பிறந்துகொண்டிருந்த காலத்திலேயே, 2006 முதல் 2011 வரை, அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் மாகாணத்திலுள்ள சுமார் 12,600 கிராமப் பஞ்சாயத்துக்களிலும் நூல் நிலையம் எழுப்பச் சர்க்கார் முற்பட்டது. மிகப் பெரிய காரியம், மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும் இவை பொது நூலகத் துறையைச் சேர்ந்தவை அல்ல. பஞ்சாயத்துக்களின் பராமரிப்பில் விடப்பட்டவை. துறையின் நூலகருக்குப் படிப்பும் பயிற்சியும் உண்டு. பஞ்சாயத்து நூல் நிலையத்தைக் காப்பவருக்கோ சொற்ப மதிப்பூதியமும் ஒரு சாவியும் மட்டுமே. புஸ்தகம் வந்தது, கட்டடம் வந்தது, கற்பிப்பவர் வரவில்லை. பல ஊர்களில் அச்சாவி ஆணியிலேயே தொங்கியது. பின்னர்ச் சில புதுப்பிக்கப்பட்டன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நூலக இயலில் பட்டம் பெறச் சிதம்பரத்திற்கும் திருச்சிக்கும் போகலாம் என்று சொல்பவர் உண்டு. அறுபது வயதுப் பெரியவரையும், சோளக் கொல்லையில் பாதி நாள் உழைத்து மீதி நாள் நூல் நிலையம் திறக்கும் பெண்மணியையும் எந்தச் சர்வகலாசாலைக்கு அனுப்புவது? அவர்களுக்கு வேண்டியது பட்டமும் அன்று. வந்த புஸ்தகத்தைச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதுவது. பொருள் வாரியாகப் பிரித்து முதுகில் எண் ஒட்டுவது. கொடுத்ததையும் திரும்பியதையும் குறிப்பது. கறையானையும் இராமபாணப் பூச்சியையும் தடுப்பது. வருஷத்திற்கொரு முறை இருப்பைச் சரிபார்ப்பது. பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தையை விரட்டாமலிருப்பது. இவ்வளவே. இவற்றைப் படித்து அறிவதைவிடப் பார்த்து அறிவது எளிது. நாம் வக்கீல் தொழிலில் சேர்ந்தபோது, கட்டு எப்படிக் கட்டுவது, தஸ்தாவேஜை எந்த வரிசையில் வைப்பது என்பதை எந்தச் சட்டப் புஸ்தகமும் சொல்லவில்லை. சீனியரின் குமாஸ்தா செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தே கற்றோம். கிராமத்து நூலகருக்குப் பக்கத்தில் நிற்க ஒரு குமாஸ்தா இல்லை. அவ்விடத்தைச் சலனப் படம் நிரப்பக் கூடும். இக்காலத்தார் வீடியோ என்பது அதைத்தான்.

இது ஆகாயக் கோட்டை என்று நேயர்கள் எண்ண வேண்டாம். பம்பாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யாவின் தலைமையில் தொடங்கப்பட்ட ஸ்போக்கன் டுடோரியல் என்னும் முயற்சியை நாம் கவனித்து வந்திருக்கிறோம். கம்ப்யூட்டர் மென்பொருள்களைக் கற்பிக்கச் சுமார் பத்து நிமிஷமுள்ள பாடங்களைச் செய்து, குரலைத் தமிழ் உள்ளிட்ட தேச பாஷைகளில் மாற்றித் தருகிறார்கள். நூல் நிலையங்களை நிர்வகிக்கும் கோஹா என்ற மென்பொருளுக்கும் அவர்களிடம் பாட வரிசை உண்டு. அவர்களுடைய முறையில் நம்மைக் கவர்ந்தது ஒன்று. பாடத்தின் வாசகத்தை எழுதியவுடன் படமெடுக்கப் புறப்படுவதில்லை. அவ்விஷயம் சிறிதும் அறியாத ஒருவரிடம் அதைக் கொடுத்து, அதன்படியே செய்யச் சொல்கிறார்கள். அவர் எங்கே திகைக்கிறாரோ அங்கே வாசகம் திருத்தப்படுகிறது. அறியாதவர் சம்மதித்த பிறகே ஒலிப்பதிவு. நமது பாட புஸ்தகக் கமிட்டிகள் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டிருந்தால் எத்தனை பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள்! குறையும் ஒன்றுண்டு: குரல் தமிழில் ஒலித்தாலும் திரையில் தெரிவது ஆங்கிலமே. மென்பொருளுக்கு அது போதும். அலமாரிக்கும் பதிவேட்டுக்கும் போதாது.

கோஹாவின் கதையும் பெரம்பலூர்வாசிகள் அறியத் தக்கது. நியூஸிலாந்தில் ஹொரொவெனுவா என்ற நாட்டுப்புற ஜில்லாவில், லெவின் முதலிய சிற்றூர்களுக்கு நூல் கொடுத்துவந்த ஸ்தாபனம் ஒன்று, 2000-ஆம் வருஷம் பிறந்தால் தன் பழைய கம்ப்யூட்டர் ஏற்பாடு தேதியைப் புரிந்துகொள்ளாமல் நின்றுவிடும் என்று கண்டது. கம்பெனிகளிடம் புதிதாக ஒன்றை விலைக்கு வாங்காமல், தனக்கு வேண்டியதைத் தானே செய்வித்து, 2000-ஆம் வருஷத்தில் உலகத்தார் யாவரும் இலவசமாக எடுத்துக்கொள்ள விட்டது. கோஹா என்றால் மாவோரி பாஷையில் கொடை. இன்று நமது கலாசாலைகள் பலவும் அதைக் கையாளுகின்றன. நாட்டுப்புறம் என்றால் பட்டணம் கொடுப்பதை வாங்கிக் கொள்ளவே பிறந்தது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. ரயிலே இல்லாத ஜில்லாத் தலைநகரமாகிய பெரம்பலூரிலிருந்து தமிழுலகத்திற்கு ஒரு கொடை புறப்படக் கூடாதா?

படத்தின் மூலம் போதிப்பதில் நம் தேசத்திற்கு ஓர் எச்சரிக்கையும் கிடைத்திருக்கிறது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவிடம் இரவல் பெற்ற செயற்கைக் கோளைக் கொண்டு ஆறு மாகாணங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சியால் கல்வி புகட்டினார்கள். சுமார் 50,000 பள்ளி ஆசிரியர்கள் அதன் வாயிலாகப் பயிற்சியும் பெற்றார்கள். வருஷம் முடிந்தது, இரவல் கோளும் போயிற்று, கிராமங்களில் காட்சியும் ஓய்ந்தது. ஆகையால் நூல் நிலையப் பாடம் ஆகாயத்தையோ, விட்டு விட்டு வரும் இணையத்தையோ நம்பியிருக்கலாகாது. ஒரு முறை கைப்பேசியில் ஏற்றிக் கொண்டால் எப்பொழுது வேண்டுமாயினும் போட்டுப் பார்க்கத் தக்கதாய், ஐந்து நிமிஷத்திற்கு மேற்படாததாய் இருக்க வேண்டும்.

நாம் விரும்புவது இதுதான். இரு ஜில்லாக்களின் நூலக ஆணைக்குழுக்களும் சேர்ந்து, அனுபவமுள்ள நூலகர் இருவர் மூவரைப் பொறுக்கி, அந்தக் கிராம நூல் நிலையங்களிலேயே படமெடுக்கட்டும். பளபளக்கும் பட்டணத்து நூல் நிலையத்தில் எடுத்த படத்தைக் கண்டால் கிராமத்தார், "அது அவங்களுக்கு" என்று ஒதுங்கிவிடுவர். புழுதி படிந்த அலமாரி, ஒரு கால் ஆடும் மேஜை, ஜன்னல் வெளிச்சம் ஆகியவையே போதும். காமிராவுக்குத் தற்காலத்துக் கைப்பேசி ஒன்று தாராளம். ஓசை விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை தேவை. அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக் கல் லாரிகள் ஓயாதாகையால், படத்தை முதலில் எடுத்துக் குரலை வேறிடத்தில் அமைதியாகச் சேர்ப்பதே உத்தமம். முகத்தைக் காட்டுவதைவிடக் கையைக் காட்டுவது முக்கியம். சேர்க்கை எண் எழுதும் விரலை அருகிலிருந்து காண வேண்டும். பேச்சு ஊர்ப் பேச்சாக இருக்கட்டும். மேடைத் தமிழில், அதிலும் இக்கட்டுரையின் தமிழில், கறையானுக்கு மருந்து சொன்னால் கேட்பவர் உறங்கிவிடுவார்.

பணத்திற்கு என்ன வழி என்பர். 1948-ஆம் வருஷச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. ஆரம்பத்தில் ரூபாய்க்கு 6 தம்பிடியாயிருந்தது பிற்காலத்தில் 10 பைசாவாக உயர்ந்தது. குடிசையில் குடியிருப்போன் முதல் மாடியில் வாசம் செய்வோன் வரை கொடுத்த பணம் அது. நூல் நிலையத்தின் பொருட்டு வசூலித்த நிதியில், நூல் நிலையத்தைக் காப்பவருக்குக் கற்பிக்கும் செலவும் அடங்கும் என்பதே நமது வாசிப்பு. பஞ்சாயத்து நூல் நிலையம் வேறு இலாகாவின் கீழ் உள்ளதென்று யாரேனும் ஆக்ஷேபிக்கலாம். படம் எடுத்தாகிவிட்டால் அதை இன்ன இலாகாவின் ஆள்தான் பார்க்கலாம் என்று தடுக்க முடியாது. அதில் உள்ள சௌகரியமே அது.

படம் எடுத்து முடித்ததும், சர்க்காருக்கு அனுப்புமுன், நாம் சந்தித்த அந்தப் பெரியவரிடம் காட்ட வேண்டுகிறோம். அதைப் பார்த்த பிறகு அவர் அலமாரியைக் கலைத்து மறுபடி அடுக்கட்டும். நாமும் போய் அந்தச் சரித்திர நூலைக் கேட்கிறோம்.