மஞ்சளின் நிறமும் குணமும்

மஞ்சளில் தோய்த்த நூல் சில நாள் வெயிலிலேயே வெளுத்துப்போம் என்பதை நெசவாளர் நன்கறிவர். துணியில் நில்லாத அந்நிறமே, பயிரிடுவோருக்கு விலையையும் உண்போருக்குப் பயனையும் தருவதாகும். அப்பொருளைக் குர்குமின் என்பர். 1815ஆம் ஆண்டில் வோகல், பெல்லெட்டியே என்னும் இருவர் அதனை மஞ்சளினின்றும் பிரித்தெடுத்தனர். சுண்ணாம்பு சேர்ந்ததும் ஆரத்தி நீர் சிவப்பதும், மஞ்சட்கறை சவுக்காரம் பட்டுச் சிவப்பதும் இதன் செயலே.

நாம் உண்ட உணவு உடலில் எரிந்து சக்தியாகுங்கால், நிலைகொள்ளாத சில மூலக்கூறுகள் தோன்றி, அருகிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் தாக்கிக் கெடுக்கின்றன. குர்குமின் தன்னிடமுள்ள ஹைட்ரஜன் அணுவை ஈந்து அவற்றை அடக்குகின்றது. அழற்சியைத் தூண்டும் சில பொருள்களின் உற்பத்தியையும் குறைக்கின்றது. இவை சோதனைக் குழாயில் ஐயமறக் கண்டவை.

மனித உடலிலோ அத்துணை எளிதன்று. குர்குமின் நீரில் கரைவது அரிது. குடலினின்று இரத்தத்தில் சேர்வது மிகச் சிறிதளவே. சேர்ந்ததையும் கல்லீரல் விரைவில் மாற்றிக் கழித்துவிடும். பெங்களூர் ஆராய்ச்சியாளர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், மிளகின் காரப்பொருளாகிய பைப்பரினையும் சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத்தில் சேர்ந்த அளவு ஏறத்தாழ 20 மடங்கு உயர்ந்தது. எண்ணெயும் மிளகும் கூட்டிச் சமைக்கும் நம் வழக்கம் இதற்கு இசைந்ததே. எனினும் 100 கிராம் மஞ்சளில் குர்குமின் பெரும்பாலும் 2 முதல் 5 கிராம் வரையே உண்டு. குழம்பிலிடும் சிட்டிகை மஞ்சள் சகல நோயும் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வது தகாது. செறிவூட்டிய மாத்திரைகளை உண்டு கல்லீரல் பழுதுற்றோரும் உளர்.

குர்குமின் அளவு இரகத்துக்கு இரகம் வேறுபடும். கோழிக்கோட்டு நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் பிரதிபா இரகத்தில் அது 6 சதவிகிதத்தையும் கடக்கும். வேகவைப்பதிலும் கவனம் வேண்டும். நுரை பொங்கி, வெண்ணிற ஆவியுடன் மணம் எழும் தருணத்தில் கிழங்கை இறக்கிவிடல் வேண்டும். மிகுந்து வெந்தால் நிறம் கெடும். குறைந்தால் விரலி எளிதில் ஒடியும்.

நிறம் குன்றிய சரக்குக்குக் காரீயக் குரோமேட்டைப் பூசி மெருகேற்றும் வணிகரும் இருக்கின்றனர். இது நஞ்சு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குலைப்பது. வங்காளதேசத்துச் சந்தைகளில் இக்கலப்படம் பரவியிருந்ததை 2019இல் ஆய்வாளர் வெளிப்படுத்தினர். அரசு அபராதம் விதித்தும் மக்களுக்கு உண்மையை அறிவித்தும் வந்தமையால், 2021இல் அங்குச் சோதித்த மாதிரிகளில் அது காணப்படவில்லை.

நம் அங்கத்தினர்கள் கொள்முதல் நிலையத்திலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் முழு விரலி ஒன்றை இடுக. பூசிய நிறமாயின் உடனே நீரில் பிரியும். இயற்கை நிறம் அவ்வாறு பிரியாது. ஐயம் எழுந்தால், அச்சரக்கைத் தனியே நிறுத்திவைத்து, மாதிரியை உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் ஒப்படைக்கலாம்.