மஞ்சள் துணியில் முடிந்த வாக்கு

எடுத்த முடிவைக் கைவிடாமல் காக்கப் பணம் துணை நிற்குமா?

நோய் தீர வேண்டி, மஞ்சள் தோய்த்த துணியில் ஒரு நாணயத்தை முடிந்து சுவாமி அறையில் வைக்கும் சைவக் குடும்பங்கள், அதை வேறு செலவுக்கு அவிழ்க்காமல் காத்து, வேண்டுதல் நிறைவேறியதும் வட இலங்கையின் குறிகட்டுவான் துறையில் படகேறி நயினாதீவு நாகபூசணி அம்மனிடம் சேர்ப்பதுண்டு. கொடுத்த வாக்கையே கடனாகக் கருதுவதால் அது நேர்த்திக்கடன் எனப்படுகிறது.

வாக்கோடு பணத்தைப் பிணைக்கும் இவ்வழியின் வேறொரு வடிவம், பிலிப்பைன்ஸின் மின்டனாவோ தீவில் ஆராயப்பட்டது. அங்கே புகைப்பதை நிறுத்த விரும்பியோர் வங்கியில் சிறுகச் சிறுகப் பணம் இட்டனர். ஆறு மாதத்தின் பின் சிறுநீர்ப் பரிசோதனையில் நிக்கோட்டின் என்னும் புகையிலை நஞ்சு தென்படாதவருக்கு அது திரும்பக் கிடைத்தது, தவறியவரின் பணமோ அறப்பணிக்குச் சென்றது. இந்த வாய்ப்பு வழங்கப்பட்டவர்களிடையே, வழங்கப்படாதவர்களைவிடப் புகையை விட்டவர்கள் கூடுதலாக இருந்தனர் என்றும், ஓராண்டு கழிந்தும் அவ்வேறுபாடு நீடித்தது என்றும் 2010இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

முடிந்து வைத்த நாணயம் சிறிதாயினும், நாளும் கண்ணில் பட்டுச் சொன்ன சொல்லை நினைவூட்டும் ஆற்றல் அதற்கு உண்டு.