உங்களுக்குத் தெரியுமா? 2,000 பிரதிக்கு மேல் கிடையாது!

நெருளில் உட்கார்ந்து வாராவாரம் நியூஸ்லெட்டர் எழுதி அனுப்புகிற எழுத்தாளரா நீங்கள்? அனுப்புவது நிறையப் பேருக்கு, படிப்பது நாலே பேர் என்று கவலையா? கவலையை மூட்டை கட்டுங்கள்! உங்களுக்கு முன்னால் இதே பாடு பட்ட ஜாம்பவான்கள் என்னவெல்லாம் செய்தார்கள் என்று தோண்டி எடுத்து வந்திருக்கிறேன். ஒவ்வொன்றும் முத்து! நெருளில் ரயில் ஏறினால் செம்பூர் வருவதற்குள் முடித்துவிடலாம். வாருங்கள்!

பாரதியார் ஆசிரியராக இருந்த 'இந்தியா' பத்திரிகைக்கு ஆளுக்கு ஒரு சந்தா! அரசாங்கமா? 50 ரூபாய். ஜமீன்தார், ராஜாவா? 30 ரூபாய். மாதம் 200 ரூபாய்க்கு மேல் சம்பாதிக்கிறவரா? 15 ரூபாய். மற்ற எல்லோருக்கும் வெறும் 3 ரூபாய்! பத்திரிகை ஒன்றுதான், விலை நான்கு! யாருக்காக எழுதுகிறார் என்பதைச் சந்தாப் பட்டியலிலேயே போட்டு உடைத்துவிட்டார் மனிதர்!

அந்தப் பத்திரிகை எந்தக் காகிதத்தில் அச்சானது தெரியுமா? சிவப்புக் காகிதத்தில்! தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கார்ட்டூனுக்கு வழி திறந்ததும் அதுவே!

'ஆனந்த விகடன்' என்ற பெயரின் விலை என்ன தெரியுமா? 200 ரூபாய்! 1926ல் பூதூர் வைத்தியநாதய்யர் தொடங்கிய பத்திரிகை அது. 1928ல் எஸ்.எஸ்.வாசன் வாங்கினார். எழுத்துக்கு 25 ரூபாய் என்று பேசி முடித்தார்களாம். ஆ, ன, ந், த, வி, க, ட, ன். எண்ணிப் பாருங்கள், எட்டு எழுத்து!

வாங்கிய கையோடு வாசன் சும்மா இருந்தாரா? சிரிப்பைச் சேர்த்தார், கல்கியைக் கொண்டு வந்தார், குறுக்கெழுத்துப் போட்டி வைத்தார். அதுவரை படித்துவிட்டுத் தூக்கிப் போட்ட வாசகர், பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்! படிக்கிறவர் கைக்கு ஒரு வேலை கொடுத்தால் அவர் அடுத்த வாரமும் வருவார். இதை அன்றே கண்டுபிடித்தவர் நம் ஆள்!

ரயிலில் படிக்கும் வாசகருக்கு இன்ஷூரன்ஸ் கொடுத்த பத்திரிகை உண்டு தெரியுமா? லண்டன் 'டிட்-பிட்ஸ்'! ஜார்ஜ் நியூன்ஸ் 1881ல் தொடங்கினார். முழுக்க முழுக்கத் துணுக்குகள்! கையில் அந்தப் பத்திரிகையோடு ரயில் விபத்தில் ஒருவர் இறந்தால் அவர் குடும்பத்துக்கு 100 பவுண்டு! நம் ஹார்பர் லைனில் மட்டும் அப்படி ஒரு பத்திரிகை வந்திருந்தால், காலை நேரத்தில் கையில் அது இல்லாமல் யாராவது ஏறியிருப்பார்களா!

துணுக்கு என்றதும் தமிழில் யார் நினைவுக்கு வருகிறார்? 'கல்கண்டு' தமிழ்வாணன்! அவருக்குக் கடிதம் போட விலாசமே வேண்டாமாம். ஒரு தொப்பி, ஒரு கறுப்புக் கண்ணாடி வரைந்து தபாலில் போட்டால் நேரே அவர் மேஜைக்குப் போய்விடும் என்று சொல்வார்கள்! லோகோ லோகோ என்று இன்று அடித்துக்கொள்கிறோமே, அவர் முகமே லோகோ!

காந்தி நடத்திய பத்திரிகையில் தமிழ்ப் பக்கம் இருந்தது தெரியுமா? தென்னாப்பிரிக்காவில் 1903ல் வந்த 'இந்தியன் ஒப்பீனியன்'. ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நான்கு மொழிகள்! தாங்க முடியவில்லை. 1906ல் தமிழும் இந்தியும் நின்றன. நமக்கு வருத்தம்தான். பிறகு விளம்பரங்களையும் ஒரேயடியாக நிறுத்தினார்! வருமானம் போனதே என்கிறீர்களா? கவனமெல்லாம் வாசகர் பக்கம் திரும்பியது. சந்தாதாரர் எண்ணிக்கை உச்சத்தில் தொட்டது 3,500!

அந்தப் பத்திரிகையின் ஓர் இரவைக் கேளுங்கள், மெய்சிலிர்க்கும்! 1904 டிசம்பர். அச்சகம் டர்பனிலிருந்து ஃபீனிக்ஸ் பண்ணைக்குப் போன புதிது. முதல் இதழ் அச்சாக வேண்டிய நேரத்தில் ஆயில் எஞ்சின் மக்கர் செய்துவிட்டது! கையால் சுற்றும் சக்கரம் ஒன்று இருந்தது, அதைச் சுற்ற ஒரே நேரத்தில் நாலு பேர் வேண்டும். அச்சகத்திலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த தச்சர்களை எழுப்பினார்கள். முறை வைத்துச் சுற்றினார்கள். காந்தியும் சுற்றினார்! காலை 7 மணி ஆகியும் பாக்கி இருந்தது. அப்போது எஞ்சினை ஒரு தட்டுத் தட்டினால், டக்கென்று ஓட ஆரம்பித்தது! இதழ் தவறவில்லை!

'தம்பிக்கு' என்ற ஒரு சொல் ஒரு பத்திரிகையை வீட்டுக் கடிதமாக மாற்றியது! 1942ல் அண்ணா தொடங்கிய 'திராவிட நாடு' இதழில் 1955 முதல் வந்த கடிதங்கள் அவை. படித்தவர்கள் ஆயிரக்கணக்கில். ஒவ்வொருவருக்கும் தனக்கே வந்த கடிதம்! 'காஞ்சி' இதழிலும் தொடர்ந்தது, 1969 வரை!

கலைஞர் கதை இன்னும் பெரிது! 18 வயதில், 1942 ஆகஸ்ட் 10, திருவாரூரில் 'முரசொலி' பிறந்தது. எப்படி? வெறும் துண்டறிக்கையாக! அதில் அவர் எழுதிய புனைபெயர் 'சேரன்'. அது வார இதழாகி, 1960ல் நாளிதழே ஆனது! அதில் 'உடன்பிறப்பே' என்று தொடங்கி அவர் எழுதிய கடிதங்கள் எத்தனை தெரியுமா? 7,000த்துக்கும் மேலே! வாரத்துக்கு ஒன்று என்று வைத்தால் நீங்கள் எழுதி முடிக்க 134 வருஷம் ஆகும்!

நம் மும்பைக்கு வருவோம்! நாஞ்சில் நாடன் எழுத்தாளர் ஆனது எந்த ஊரில்? பம்பாயில்! 1972ல் வேலைக்கு வந்தார். முதல் கதை 'விரதம்' 1975ல் நா.பார்த்தசாரதியின் 'தீபம்' இதழில் வந்தது. அந்தத் 'தீபம்' ஓர் எழுத்தாளர் சொந்தமாக நடத்திய பத்திரிகை! பம்பாய்த் தமிழ்ச் சங்கத்தின் 'ஏடு' இதழுக்கும் கை கொடுத்தவர் அவர். 2010ல் சாகித்ய அகாதெமி விருது!

அம்பையும் மும்பைக்காரர்தான்! பெண்களின் வரலாற்றைக் குரலாகவும் படமாகவும் சேமிக்க 1988ல் 'ஸ்பாரோ' ஆவணக் காப்பகம் உருவானது, அதை உருவாக்கியவர்களில் முன்னால் நின்றவர் அவர். அதற்குத் தனியாகச் செய்திமடலும் உண்டு!

இப்போது வருகிறது என் கண்டுபிடிப்புகளிலேயே பெரியது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்!

விற்பனை கூடக்கூடாது என்று உச்சவரம்பு வைத்த பத்திரிகை எது தெரியுமா? சி.சு.செல்லப்பாவின் 'எழுத்து'! 1959 ஜனவரியில் தொடங்கும்போதே அறிவித்துவிட்டார். 2,000 பிரதிக்கு மேல் அச்சாகாது! கடையில் கிடைக்காது! வேண்டுமா? சந்தா கட்டுங்கள்!

லட்சம் லட்சம் என்று மற்றவர்கள் பறந்துகொண்டிருந்த காலம் அது. இவர் எதிர்த்திசையில் நடந்தார்! உண்மையில் வாங்கியவர்கள் சில நூறு பேர். யார் அந்தச் சில நூறு பேர் என்பதில்தான் விஷயம் இருக்கிறது! படித்தவர்கள் சும்மா படித்துவிட்டுப் போகவில்லை. சண்டை போட்டார்கள், பதில் எழுதினார்கள், எழுத்தாளர்களாகவே ஆனார்கள்! வடக்கே அரசு வேலையில் இருந்த வெங்கட் சாமிநாதன் விமர்சகராக எழுந்தது 'எழுத்து' இதழில். திருகோணமலையிலிருந்து எழுதிய இளைஞர் தருமு சிவராமு, பின்னாளில் பிரமிள்! இந்தக் காலத்து நியூஸ்லெட்டர்காரர்கள் கனவு காணும் வாசகர் கூட்டம் இதுதானே!

இன்னொரு ஆச்சரியம்! 'எழுத்து' முதலில் விமர்சனத்துக்காகவே வந்த பத்திரிகை. ந.பிச்சமூர்த்தி கவிதையைப் போட்டார் செல்லப்பா. வாசகர்கள் அதைப் பிடித்துக்கொண்டு தாங்களும் எழுதி அனுப்ப ஆரம்பித்தார்கள். செல்லப்பா உடனே கதவைத் திறந்துவிட்டார்! 1962ல் 'புதுக்குரல்கள்' தொகுப்பு. 24 கவிஞர்கள், 63 கவிதைகள்! தமிழ்ப் புதுக்கவிதை நிமிர்ந்து நின்றது அங்கேதான்!

பத்திரிகை நடந்தது எங்கே? திருவல்லிக்கேணி, பிள்ளையார் கோயில் தெரு. அங்கிருந்து புத்தக மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக விற்கப் புறப்பட்டார் செல்லப்பா. வாசகர் வரட்டும் என்று காத்திருக்கவில்லை, நடந்து போய் அவர் இருக்கிற இடத்திலேயே நின்றார்! எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கை கூப்பத் தோன்றுகிறது. 1970ல் 'எழுத்து' நின்றபோது மொத்தம் வந்த இதழ்கள் 119! 1998ல் செல்லப்பா காலமானார். 'சுதந்திர தாகம்' நாவலுக்கு சாகித்ய அகாதெமி விருது எப்போது? 2001ல்!

பத்திரிகையைப் பின்னாலிருந்து படிக்க வைத்தவர் யார் தெரியுமா? சுஜாதா! 1965ல் தில்லியில் கஸ்தூரிரங்கன் தொடங்கிய 'கணையாழி'யில் அவருக்குக் கிடைத்த இடம் கடைசிப் பக்கம். வாசகர்கள் முதலில் திருப்பியதும் அதைத்தான்!

சோ ஆண்டுதோறும் வாசகர்களை நேரில் கூப்பிட்டார்! 1970 ஜனவரி 14ல் தொடங்கிய 'துக்ளக்', ஒவ்வோர் ஆண்டுவிழாவிலும் அரங்கம் நிறைய வாசகர்களை உட்காரவைத்தது. கேள்வி அவர்களுடையது, பதில் ஆசிரியருடையது, முகத்துக்கு முகம்!

கடைசியாக ஒன்று. உங்கள் நியூஸ்லெட்டர் பட்டியலில் 81 பேர் இருக்கிறார்களா? 1878 செப்டம்பர் 20, சென்னை. இரண்டு ஆசிரியர்கள், நான்கு சட்டக் கல்லூரி மாணவர்கள். கையில் காசில்லை. ஒரு ரூபாய் 12 அணா கடன் வாங்கி ஒரு வாரப் பத்திரிகையை அச்சடித்தார்கள். பெயர் 'தி இந்து'. அன்று அச்சான பிரதிகள் 80!