அரிட்டாபட்டி மலைவழியில்

மேலூர்ப் பகுதியிலுள்ள அரிட்டாபட்டிக் குன்றில் மாணவர்களோடு நாம் ஏறியபொழுது, கீழே ஏரி நீர் ஒளிர்ந்தது. பாறைமேல் பெய்யும் மழை சுனைகளில் தங்கி, ஓடைகளாய் இறங்கி ஏரியை நிரப்புகிறது. ஏரி வயலை ஊட்டுகிறது. சரிவின் மண்ணை மரமும் புதரும் பற்றி நிறுத்துகின்றன. குன்று குலைந்தால் கழனி வறளும் என்பது வெளிப்படை.

ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும், சமணர் கற்படுக்கைகளும், பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் இங்குள. வல்லூறு முதலிய அரிய பறவைகளும் வாழ்கின்றன. 2022-இல் இது தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பெற்றது. 2024-இல் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை ஊரார் ஒன்றுகூடி எதிர்த்தனர். 2025 சனவரியில் அது கைவிடப்பெற்றது.

ஒருவர் நட்ட மரத்திலிருந்து பறவை உண்பதும் அவருக்குத் தருமமாகும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. இம்மரங்களை நட்டவர் நாமல்லர். காக்கும் கடன் நம்முடையது.