எலிக்கு ஆசை இருக்கிறது, ஏறத்தான் முடியவில்லையா?

ஆங்கில 'டி' எழுத்து வடிவில் ஒரு பாதை. ஒரு கோடியில் நான்கு தீனி உருண்டைகள். ஆனால் குறுக்கே 44 செ.மீ. உயரத்துக்குக் கம்பிவலைத் தடுப்பு. மறுகோடியில் இரண்டே உருண்டைகள், வழியில் தடையே இல்லை. நலமாக இருக்கும் எலி பெரும்பாலும் வலையில் தொற்றி ஏறி அந்த நான்கைத்தான் தின்னும்.

அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் சலமோன் குழுவினர் 1990-களில் இந்தச் சோதனையை நடத்தினார்கள். மூளையில் நியூக்ளியஸ் அக்கம்பன்ஸ் என்னும் பகுதியில் டோபமைன் என்ற ரசாயனத்தைக் குறைத்ததும், எலிகள் சுலபமான இரண்டு உருண்டைகளோடு திருப்தியடைந்தன. ஏறத் தெம்பில்லையோ? அதுதான் இல்லை. எளிய பக்கத்தில் தீனியே வைக்காதபோது அதே எலிகள் தடுப்பைத் தாண்டின. தடுப்பை எடுத்துவிட்டாலோ, நேராக நான்கு உருண்டைகளிடம்தான் போயின. எது அதிகம் என்பதும் தெரிகிறது, தின்னும் ஆசையும் இருக்கிறது. 'இவ்வளவு பாடுபட்டு அது வேண்டுமா?' என்ற கணக்கு மட்டும் மாறிவிட்டது. டோபமைனை 'இன்ப ரசாயனம்' என்று எழுதிப் பழகிய நம் பத்திரிகைகள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

மனிதர்களுக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. மைக்கேல் ட்ரெட்வே குழுவினர் 2009-இல் வெளியிட்டது. சுலப வேலைக்கு ஒரு டாலர். கடின வேலைக்கு அதைவிட அதிகம். ஆனால் பழக்கமில்லாத கையின் சுண்டுவிரலால் 21 வினாடிக்குள் 100 முறை பொத்தானை அழுத்த வேண்டும். மனச்சோர்வு உள்ளவர்கள் கடின வேலையைத் தேர்ந்தெடுப்பது குறைவு என்று 2012-இல் இதே முறையில் தெரியவந்தது.

இதை வைத்து எலிக்கு மனச்சோர்வு வந்துவிட்டது என்று சொல்வது அபத்தம். குற்றவுணர்வையோ தற்கொலை எண்ணத்தையோ எலியிடம் யார் கேட்க முடியும்? நோயின் ஓர் அறிகுறியை, எதிலும் இறங்க மனம் வராத நிலையை மட்டுமே இங்கே அளக்கிறார்கள்.

ஆனாலும் மருந்து விஷயத்தில் அந்த ஓர் அறிகுறியே நிறையச் சொல்கிறது. ஹன்டிங்டன் என்னும் நரம்பு நோய்க்குத் தரும், டோபமைனைக் குறைக்கும் டெட்ராபெனசின், சிலருக்கு மனச்சோர்வைப் பக்கவிளைவாகக் கொண்டுவரும். அதைக் கொடுத்தால் எலிகளும் உழைப்பு குறைந்த வழிக்கு மாறுகின்றன. டோபமைனைக் கூட்டும் மனச்சோர்வு மருந்தான புப்ரோபியான் அவற்றைப் பழைய நிலைக்குத் திருப்பியது. செரோடோனின் என்ற வேறொரு மூளை ரசாயனத்தின் வழியில் வேலை செய்யும், உலகெங்கும் பரவலாக எழுதித் தரப்படும் மனச்சோர்வு மருந்தான ஃப்ளூஆக்ஸெடின் திருப்பவில்லை. இவ்வகை மாத்திரை தொடங்கியபின் அழுகை நின்றது, ஆனால் குளிக்கக்கூட எழத் தோன்றவில்லை என்று சொல்லும் நோயாளிகளை மனநல மருத்துவர்கள் வெகுகாலமாகப் பார்த்துவருகிறார்கள்.