வளைந்த கிற்றாரை விறகாக்கிவிடாதீர்கள்

2006 இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களைப் போல முகாமுக்கு முகாம் அலைந்த வீடுகளில், மழையும் வெயிலும் பட்ட மலிவான கிற்றாரின் கழுத்து வளைந்துபோவதுண்டு. தந்திகள் உயர்ந்துவிடும், விரலால் அழுத்தி வாசிக்க முடியாது. ஆனால் மடியில் கிடத்தி வாசிக்கும் கிற்றாருக்குத் தந்தி உயர்ந்திருப்பதே தேவை.

ஹவாய்த் தீவில் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசப் கெகூகு என்பவர் பரப்பிய முறை இது. தந்தியின்மேல் உருக்குத் துண்டை வழுக்கி வாசிப்பார்கள். நமது கோட்டுவாத்தியத்தையும் இவ்வாறே உருளையால் வாசிக்கிறோம்.

செய்முறை:

1. தந்திகளைத் தளர்த்தி, தலைப்பக்கத்தில் அவை தங்கும் சிறு கட்டையின்மேல் பனை வைரத்தில் சீவிய துண்டொன்றைப் பொருத்துங்கள். தந்திகள் ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் உயரட்டும். ஆறு வெட்டுகளும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும்.

2. உருக்குத் தந்திகளையே பூட்டுங்கள். நைலோன் உதவாது.

3. வழமையான சுருதி கூட்டியபின், 6, 2, 1 ஆம் தந்திகளை ஒரு முழுச்சுரமும், 3 ஆம் தந்தியை அரைச்சுரமும் இறக்குங்கள். தடித்த தந்தியிலிருந்து ச, ப, ச, க, ப, ச என ஒலிக்கும். எதையும் கூடுதலாக இறுக்காததால் கழுத்து மேலும் வளையாது.

4. விளிம்பு மழுக்கிய, பாரமான உருக்குத் துண்டை மெட்டுக்கம்பிக்கு நேர்மேலே தந்தியில் வையுங்கள். அழுத்த வேண்டாம்.

இந்தியாவின் விஷ்வ மோகன் பட் கிற்றாரை மாற்றியமைத்தே மோகன வீணையை உருவாக்கினார். 1994 இல் கிராமி விருதும் பெற்றார்.