பழுதைக் கண்டறிவதற்கும் ஒரு விலை உண்டு

தூத்துக்குடியில் வசிப்பவருக்குக் காரின் ஹீட்டர் தேவைப்படும் நாள்கள் மிகக் குறைவு. கொடைக்கானலுக்கு மலையேறும்போதுதான் அந்தப் பொத்தானின் நினைவே வரும். ஆனால், வெப்பக்காற்றை ஊதும் அதே விசிறிதான் கோடையில் ஏ.சி.யின் குளிர்காற்றையும் ஊதுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முன்கண்ணாடியின் உட்புறம் படியும் ஈரத்தை அகற்றுவதும் அதுவே. ஆகவே, மெக்கானிக்குகள் 'புளோயர்' என்றழைக்கும் இந்த விசிறி நின்றுபோவதை வெறும் வசதிக் குறைவாகக் கருத முடியாது. மழையிரவில் துறைமுகச் சாலையில் முன்னே செல்லும் கன்டெய்னர் லாரி கண்ணில் படாமல் போகும் அபாயம் அதில் அடங்கியிருக்கிறது.

விசிறி நின்றுவிட்டது என்று பணிமனைக்குச் சென்றால், 'மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டும்' என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. சில நேரங்களில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால், மோட்டாருக்கு வரும் வழியில் வேறு ஐந்தாறு இடங்கள் உள்ளன. அவற்றில் எது பழுதானாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்: காற்று வராது.

அந்த வழியைத் தெரிந்துகொள்வது கடினமன்று. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் ஃபியூஸ், ரிலே, வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்விட்ச், ரெசிஸ்டர் எனப்படும் மின்தடை ஆகியவற்றைக் கடந்து மோட்டாரை இயக்குகிறது. பின்னர் எர்த் வயர் வழியாகக் காரின் உடற்பகுதியை அடைந்து பேட்டரிக்குத் திரும்புகிறது. இந்த அமைப்பின் வரிசை காருக்குக் கார் சற்று மாறலாம். ஆனால், போகும் பாதையும் திரும்பும் பாதையும் முழுமையாக இருந்தால்தான் விசிறி சுழலும் என்பது எல்லாக் கார்களுக்கும் பொது.

முதல் தடயத்தை எந்தக் கருவியும் இல்லாமல் நாமே அறியலாம். குறைந்த வேகங்களில் விசிறி சுழலாமல், முழு வேகத்தில் மட்டும் சுழல்கிறதா? அப்படியானால் மோட்டார் நலமாக உள்ளது. பழுது ரெசிஸ்டரில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். நான்கு வேக ஸ்விட்ச் கொண்ட சாதாரணக் கார்களில், முழு வேகத்தின்போது மின்சாரம் ரெசிஸ்டரைத் தொடாமல் நேரே மோட்டாருக்குச் செல்வதே இதற்குக் காரணம். ரெசிஸ்டரை மாற்றுவதோடு கேபின் ஃபில்டரையும் பார்க்க வேண்டும். விசிறியின் காற்றுதான் ரெசிஸ்டரைக் குளிர்விக்கிறது. தூசியும் சருகும் அடைத்துக் காற்றோட்டம் குறைந்திருந்தால் புதிய ரெசிஸ்டரும் விரைவில் கருகும்.

எந்த வேகத்திலும் விசிறி அசையவில்லை எனில், அடுத்துப் பார்க்க வேண்டியது ஃபியூஸ். அதன் விலை மிகச் சொற்பம். ஆனால், புதிதாகப் போட்ட ஃபியூஸும் உடனே எரிந்துபோனால், அதைவிடக் கூடுதல் ஆம்பியர் கொண்ட ஃபியூஸையோ கம்பித்துண்டையோ அங்கே செருகக் கூடாது. மோட்டார் இறுகிப்போய் அதிக மின்சாரத்தை இழுக்கிறது அல்லது எங்கோ வயர் உரசுகிறது என்பதற்கான எச்சரிக்கை அது. அதைப் புறக்கணிப்பது காருக்குத் தீ வைப்பதற்குச் சமம். ஃபியூஸ் நன்றாக இருந்தால், அதே எண் கொண்ட வேறொரு ரிலேயைத் தற்காலிகமாக இடம் மாற்றிப் பார்க்கலாம்.

அடுத்த சோதனை மோட்டாரின் கப்ளரில் நடக்க வேண்டும். ஸ்விட்சை முழு வேகத்தில் வைத்து, டெஸ்ட் லேம்ப் கொண்டு பார்த்தால், மின்சாரம் அங்கு வந்து சேர்கிறதா என்பது தெரிந்துவிடும். வரவில்லையெனில் பழுது வழியில் இருக்கிறது. வந்தும் மோட்டார் சுழலவில்லையெனில் எர்த் வயரைச் சோதிக்க வேண்டும். அதுவும் சரியாக இருந்தால் மட்டுமே மோட்டாரைக் குற்றம் சொல்ல முடியும். மெல்லத் தட்டியதும் மோட்டார் சுழலத் தொடங்கினால், அதன் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். டேஷ்போர்டுக்கு அடியில் மஞ்சள் நிற வயர்களைக் கண்டால் தொடாமல் விட்டுவிடுவது நல்லது. அவை பொதுவாக ஏர்பேக்குக்கு உரியவை.

எங்கள் கடற்கரையில் எர்த் வயருக்குத் தனிக் கவனம் வேண்டும். உப்பளங்கள் சூழ்ந்த ஊர் இது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். இணைப்புகளில் படிந்திருக்கும் உப்புத்துகள் அவ்வாறு கரையும்போது இரும்பு துருவேறுகிறது. செம்பு பச்சை பூக்கிறது. அத்தகைய இணைப்பு, சிறிதளவு மின்சாரம் தேவைப்படும் டெஸ்ட் லேம்பை மங்கலாக எரியவிடும். பல ஆம்பியர் தேவைப்படும் மோட்டாரைச் சுழலவிடாது. கடந்த மழைக்காலத்தில் என் காருக்கு நேர்ந்தது இதுதான். ஒரு பணிமனையில் மோட்டாரை மாற்றச் சொன்னார்கள். வயதான எலக்ட்ரீசியன் ஒருவர் அரைமணி நேரம் தேடி, துருவேறிய எர்த் முனையைக் கண்டுபிடித்து, உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினார். விசிறி சுழன்றது. அவர் கேட்ட கூலியோ புதிய மோட்டாரின் விலையில் மிகச் சிறு பங்கு.

இதை வைத்து முதல் பணிமனையை நேர்மையற்றது என்று தீர்ப்பளித்துவிட முடியாது. இங்கே பொருளியல் சிந்தனை உதவுகிறது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எவ்வாறு சீர்கெடும் என்பதை, பழைய கார்களின் விற்பனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் விளக்கினார். 2001-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1973-இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி ஆகியோர் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். வாங்கிய பிறகும் அது உண்மையில் தேவைதானா என்று வாங்கியவரால் அறிய முடியாத சேவைகளை அவர்கள் ஆராய்ந்தனர். அவற்றை 'நம்பிக்கைப் பண்டங்கள்' எனலாம். கார் பழுதுபார்த்தல் அந்த வகையைச் சேர்ந்தது. புதிய மோட்டாரைப் பொருத்தும்போது எர்த் முனையையும் கழற்றி இறுக்கியிருந்தால் விசிறி சுழலும். மோட்டார்தான் கெட்டிருந்தது என்று நாமும் நம்பிவிடுவோம்.

சிக்கலின் வேர், நாம் கூலி தரும் முறையில் இருக்கிறது. உதிரிபாகத்துக்குக் கேட்ட விலையைத் தருகிறோம். பழுதைத் தேடிக் கண்டுபிடித்த அறிவுக்கு, 'ஒரு வயரைத் தேய்த்ததற்கா இவ்வளவு?' என்று பேரம் பேசுகிறோம். தேடுவதற்கு ஊதியம் இல்லை, மாற்றுவதற்கு லாபம் உண்டு என்றால், நேர்மையான தொழிலாளியும் மாற்றுவதன் பக்கமே சாய்வார்.

இந்தக் கடலோரம் இதற்கு ஒரு பழைய மாற்றுவழியை அறிந்திருந்தது. தூத்துக்குடி முத்துக்குளிப்பில் சிப்பிகளைத் திறக்காமலேயே ஆயிரக்கணக்கில் ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து உண்டா என்பது எவருக்கும் தெரியாது. ஆனால், குளிப்பு தொடங்கும் முன்பே மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துகளை மதிப்பிட்டுவிடுவார்கள். அறியாமை முழுவதும் நீங்காவிட்டாலும், சோதனைக்குச் செலவிட்டு அதைக் குறைத்துக்கொண்டார்கள். சோதனையும் விற்பனையும் தனித்தனி வேலைகள் என்ற தெளிவு அதில் இருந்தது.

சட்டமும் இந்தத் திசையில் சில அடிகள் வைத்திருக்கிறது. உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப் பணிமனைகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததற்காக, 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014-இல் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அது பின்னர் மேல்முறையீடுகளுக்குச் சென்றது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்கான இணையதளத்தைத் தொடங்கியது. வாகனங்களும் அதில் அடங்கும். ஆனால், கருவி கிடைத்தாலும் அதைப் பயன்படுத்தும் நேரத்துக்குக் கூலி கிடைக்காவிட்டால், அந்த உரிமை ஏட்டளவில்தான் நிற்கும்.

எனவே, பணிமனைகள் சோதனைக்கென்று ஒரு கட்டணத்தை வெளிப்படையாக அறிவிக்கட்டும்; நாமும் முகம் சுளிக்காமல் அதைத் தருவோம். அதற்கு ஈடாக, எந்தச் சோதனையில் என்ன தெரிந்தது என்று ரசீதில் இரண்டு வரி எழுதித் தரும்படியும், கழற்றிய பாகத்தைத் திருப்பித் தரும்படியும் கேட்போம். விசிறிக்கு மட்டுமன்று, வீட்டுக் குளிர்பதனப் பெட்டி முதல் விவசாயியின் பம்புசெட் வரை இதே கணக்குத்தான். கண்டறிபவருக்குக் கூலி கொடுக்கத் தயங்கும் சமூகம், அதைவிடப் பெரிய தொகையைத் தேவையற்ற உதிரிபாகங்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.